மூடி கேட்காதீர்கள், ஓடையைக் கேளுங்கள்: வீராங்கால் ஓடைக்கரைச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

வீராங்கால் ஓடையின் இரு கரையிலும் இருக்கும் குடியிருப்போர் நலச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் முப்பத்து நாலு வருஷமாக சென்னை ஆதம்பாக்கத்தில் குடியிருப்பவள். பள்ளியில் வேதியியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். போன மாதம் எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு மனு கையெழுத்துக்கு வந்தது. ஓடையின் மேல் கான்கிரீட் ஸ்லாப் போட்டு மூட வேண்டும், மூடிய இடத்தில் நடைபாதையும் வண்டி நிறுத்த இடமும் அமைத்துத் தர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. எனக்கு முன்னால் நாற்பது பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பேனாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போட மனசு வரவில்லை. ஏன் போடவில்லை என்று கேட்டவர்களுக்கு அங்கேயே சரியாகப் பதில் சொல்லவும் வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். பக்கத்துச் சங்கங்களிலும் இதே மனு சுற்றுவதாகக் கேள்விப்பட்டதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

கையெழுத்துப் போட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2016-ல் இதே மாதிரி ஒரு மனுவில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதற்கு முந்தைய டிசம்பரில் வந்த வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்த பிறகு சுவரில் ஒரு கறுப்புக் கோடும், பீரோவுக்கு அடியில் சேறும், எத்தனை முறை கழுவினாலும் போகாத ஒரு நாற்றமும் மிஞ்சின. மாமியாரின் பழைய ரவிவர்மா படம் சட்டத்தோடு ஊறிப் போனது. அன்றைக்கு யாராவது வந்து இந்த ஓடையை மண் போட்டு மூடுகிறேன் என்று சொல்லியிருந்தால் முதல் கூடை மண்ணை நானே கொண்டுபோய்க் கொட்டியிருப்பேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடியும் அதே பயம். எனவே உங்கள் மனு எங்கிருந்து வருகிறது என்று எனக்கு நன்றாகவே புரிகிறது. நாற்றம், கொசு, வெள்ளம். மூன்றும் நிஜம். ஸ்லாப் இந்த மூன்றில் ஒன்றைக்கூடத் தீர்க்காது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

நாற்றத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது என் பாடம்.

வேலையில் இருந்த காலத்தில் ஒரு மே மாதம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்க்க வின்க்ளர் முறை என்று ஒன்று உண்டு. நூறு வருஷத்துக்கு மேல் பழையது, இன்றும் நம்பகமானது. காற்றுக் குமிழி புகாமல் பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, மாங்கனீஸ் சல்ஃபேட் கரைசலைக் கொஞ்சம் விட வேண்டும். பிறகு காரம் கலந்த அயோடைடு கரைசலை விட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பாட்டிலுக்குள் பழுப்பு நிறத்தில் படியும். இல்லாவிட்டால் வெள்ளையாகப் படியும். அன்றைக்கு நாங்கள் எடுத்த எல்லாப் பாட்டிலும் வெள்ளை. ஒரு பெண், "மிஸ், கெமிக்கல் கெட்டுப்போயிருக்குமோ?" என்று கேட்டாள். பள்ளிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துச் செய்து காட்டினேன், உடனே பழுப்பாகியது. கெமிக்கல் சரியாகத்தான் இருந்தது.

அதே வருஷம் ஐப்பசியில் நாலு நாள் நல்ல மழை பெய்து ஓய்ந்ததும் மறுபடியும் போனோம். பாட்டில் பழுப்பு. வெளிர் பழுப்புதான், ஆனால் பழுப்பு. மழைநீர் வந்து கலந்ததாலும், தண்ணீர் புரண்டு ஓடிக் காற்றோடு உரசியதாலும் நடந்த மாற்றம் அது. கழிவுநீர் அப்போதும் வந்துகொண்டுதான் இருந்தது. இருந்தும் கரையோரத்தில் ஒரு மடையான் கொக்கு நின்று எதையோ கொத்தித் தின்றுகொண்டிருந்தது. பிள்ளைகள் பாட்டிலை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்தார்கள்.

ஸ்லாப் போட்டால் என்ன ஆகும்? உள்ளே வெளிச்சம் போகாது. காற்று சரியாகப் போகாது. உள்ளே வரும் சாக்கடை மட்டும் நிற்காது. ஆக்சிஜன் இல்லாத தண்ணீரில் வாழும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கும். நாம் மூக்கைப் பிடிக்கும் அந்த அழுகிய முட்டை வாடை அதுதான். மூடியின் இடுக்கு வழியாக, நம் வீட்டுக் குளியலறைக் குழாய் வழியாக அது மேலே வந்துகொண்டே இருக்கும். அடைப்பு எடுக்க ஒருவர் உள்ளே இறங்கினால் அவர் உயிருக்கே ஆபத்து. மனிதர்களைச் சாக்கடைக்குள் இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்தும், நம் மாநிலத்தில் விஷவாயுச் சாவுகள் நின்றபாடில்லை. நம் வாசலில் அப்படி ஓர் இடத்தை நாமே கேட்டு வாங்கலாமா?

கொசு விஷயம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம்மை ராத்திரியில் கடிக்கும் க்யூலெக்ஸ் கொசுவுக்குத் தேங்கிய சாக்கடைத் தண்ணீர்தான் தாய்வீடு. மூடிய வடிகாலின் இருட்டு அதற்கு இன்னும் வசதி. புழுவைத் தின்னும் மீனுக்கும் தட்டானின் குஞ்சுக்கும்தான் ஆக்சிஜன் வேண்டும். கொசுப்புழு வாலில் இருக்கும் குழாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக் காற்றை எடுத்துக்கொள்ளும். தண்ணீர் கெடக் கெட எதிரிகள் செத்துப்போகிறார்கள், கொசு மட்டும் தப்பிக்கிறது.

வெள்ளத்துக்குக் கொஞ்சம் நிதானமாக வர வேண்டும். வீராங்கால் ஓடை எங்கிருந்து எங்கே போகிறது என்று நம் தெருவிலேயே பல பேருக்குத் தெரியாது. உள்வட்டச் சாலையில் தினமும் போகிறவர்கள்கூட அதைச் சாக்கடைக் கால்வாய் என்றுதான் நினைக்கிறார்கள். ஆதம்பாக்கம் ஏரியின் உபரிநீர்ப் போக்குக்கால் அது. பெயரில் இருக்கும் 'கால்' வாய்க்காலில் வரும் அதே கால்தான் என்பது என் நினைப்பு. புழுதிவாக்கம், வேளச்சேரிப் பக்கமாக ஓடிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்கிறது. சதுப்பு நிலத்துக்கு வரும் தண்ணீர் ஒக்கியம் மடு என்ற நீர்வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், தெற்கே முட்டுக்காட்டில் கடலைத் தொடுகிறது. சுற்றிலும் முப்பதுக்கு மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் வந்து இறங்கும் இடம் பள்ளிக்கரணை. உள்ளே வர இத்தனை வழிகள், வெளியே போக அந்த ஒரு மடு. ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேர் அளவுக்குப் பரந்து கிடந்ததாகச் சொல்லப்படும் சதுப்பில், 2022-ல் ராம்சார் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது சுமார் 1,248 ஹெக்டேர்.

இந்த நிலையில் ஓடையின் அடியிலும் பக்கத்திலும் கான்கிரீட் போட்டு நேராக்கினால் மழைநீர் இன்னும் வேகமாக அங்கே போய் முட்டும். சதுப்பு ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? நாம் 2015-லும் 2023-லும் பார்த்த மாதிரி வேளச்சேரித் தெருக்களுக்குத் திரும்பி வரும். ஓடைக்கு வேண்டியது அகலம். தண்ணீர் கொஞ்சம் பரவி நின்று, மண்ணில் இறங்கி, மெதுவாகப் போக இடம் வேண்டும். மேலே மூடி போட்டு அதன் மேல் வண்டியும் நிறுத்திவிட்டால், தெருவில் நிற்கும் தண்ணீர் ஓடைக்குள் இறங்கக்கூட ஓட்டை தேட வேண்டியிருக்கும். தூர்வாரப் பொக்லைனும் இறங்க முடியாது.

வெளியூர் உதாரணம் ஒன்று. நம்மில் பல பேர் பிள்ளைகளைப் பார்க்க சிங்கப்பூர் போய் வருகிறோம். பீஷான் - ஆங் மோ கியோ பூங்காவுக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே ஓடும் காலாங் ஆறு முன்பு நம் ஊர் பெரிய வடிகால் மாதிரி 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்க்கோடான கான்கிரீட் கால்வாயாக இருந்தது. அடுக்குமாடிகள் சூழ்ந்த குடியிருப்புப் பகுதிதான். அந்தக் கான்கிரீட்டை உடைத்து எடுத்துவிட்டு, வளைந்து நெளிந்து போகும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றி 2012-ல் திறந்தார்கள். சாதாரண நாளில் சிற்றோடை, பெருமழையில் பூங்காவின் புல்வெளி முழுக்க ஆறு. தண்ணீர் ஏறுகிறது என்று எச்சரிக்க விளக்கும் ஒலிபெருக்கியும் இருக்கின்றன. உடைத்த கான்கிரீட்டைக் குவித்துப் பூங்காவுக்குள்ளேயே ஒரு மேடு கட்டியிருக்கிறார்கள். பிற்பாடு நீர்நாய்க் குடும்பம் ஒன்று தானாக வந்து குடியேறியது. என் மகள் வீட்டுக்குப் போனபோது விடிகாலையில் போய் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் நடைப்பயிற்சிக்கு வந்த தமிழர் ஒருவர், "நேத்து வந்துச்சுங்க அக்கா" என்றார். அந்த வார்த்தையே போதுமாக இருந்தது.

அந்த ஆறு அழகானதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதை விட்டுவிட்டு இந்த உதாரணத்தைச் சொல்லக் கூடாது. 1977-லிருந்து 1987 வரை பத்து வருஷம் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் வடிநிலத்திலும் கழிவு கலப்பதை நிறுத்தத்தான் வேலை பார்த்தார்கள். சாக்கடையைத் தனியாகப் பிரித்தார்கள். புல்லும் பூவும் அதற்குப் பின் கால் நூற்றாண்டு கழித்து வந்தன. சியோலில் சொங்கேசொன் ஓடையை அரை நூற்றாண்டாக மூடியிருந்த தளத்தையும் அதன் மேல் போன மேம்பாலத்தையும் இடித்து 2005-ல் திறந்தார்கள். அதையும் சில பேர் உதாரணம் காட்டுவார்கள். மூடியவர்களே திறந்தார்கள் என்ற அளவுக்கு அது நமக்குப் பாடம். ஆனால் அங்கே ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி மோட்டார் வைத்து ஏற்றிவிடுவது. நமக்கு அது வேண்டாம்.

அப்படியானால் நமக்கும் முதல் வேலை சாக்கடைதான். இங்கே ஆலந்தூர்க்காரர்களுக்கு ஒரு பழைய விஷயத்தை ஞாபகப்படுத்த வேண்டும். நாம் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது 2011-ல். அதற்கு முன் நம் ஆதம்பாக்கமும் சேர்ந்த ஆலந்தூர் தனி நகராட்சி. 1990-களின் பிற்பகுதியில் பாதாளச் சாக்கடைக்குப் பணம் போதாது என்ற நிலை வந்தபோது வீட்டுக்கு 5,000 ரூபாய் கொடுத்தோம், ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு அது சின்னத் தொகை இல்லை. என் கணவர் சீட்டு எடுத்துக் கட்டினார். நகராட்சித் தலைவரும் அதிகாரிகளும் தெருத்தெருவாக வந்து பேசினார்கள், சங்கங்கள் வீடு வீடாக ஏறி இறங்கின. கழிவுநீர் பெருங்குடிச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் ஏற்பாடு அப்படித்தான் வந்தது. நாட்டில் பல நகராட்சிகள் அதை வந்து பார்த்துவிட்டுப் போயின. மக்கள் பங்களிப்பு என்ற வார்த்தையை யாரும் நமக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே நாம் இன்றைக்கு ஒரு மூடிக்காக மனு எழுதிக்கொண்டிருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பாதாளச் சாக்கடை வந்த பிறகும் ஓடையில் ஏன் கழிவு ஓடுகிறது? இணைப்பு எடுக்காத கட்டடங்கள், மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகச் சொருகிய குழாய்கள், ராத்திரியில் வந்து கொட்டிவிட்டுப் போகும் லாரிகள், அடைத்துக்கொண்டு ஆள்நுழை குழியிலிருந்து பொங்கி வழியும் பிரதானக் குழாய்கள். இவற்றில் பாதி வேலை நம் வீடுகளிலிருந்தே தொடங்குகிறது. எங்கள் தெருவில் இரண்டு அடுக்குமாடிகளின் குழாய் வடிகாலில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர்களும் ஸ்லாப் மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இதைச் சொல்வதால் எனக்குக் கெட்ட பெயர் வரலாம். பரவாயில்லை.

எந்தக் குழாய் எங்கே திறக்கிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சித்திரை வெயிலில் நடந்து பார்த்தால் போதும். ஒரு மாதமாக மழையே இல்லாத நேரத்தில் மழைநீர் வடிகாலிலிருந்து ஒழுகும் தண்ணீர் மழைநீராக இருக்க முடியாது. ஒவ்வொரு குழாய் வாய்க்கும் ஒரு எண் போட்டு, போட்டோ எடுத்து, போனில் இடத்தைக் குறித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நம் பகுதி முடிந்துவிடும். நம்மைவிட இந்த விஷயத்தில் விவரம் தெரிந்தவர்கள் தூய்மைப் பணியாளர்கள். அவர்களைக் கூட்டத்துக்கு அழைத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்து, கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்களுடைய அந்த நேரத்துக்குச் சங்கம் கூலி தர வேண்டும்.

அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு பகுதி சபைக்குப் போகலாம். 2022 நவம்பரிலிருந்து நகர வார்டுகளுக்கும் பகுதி சபை உண்டு. கிராம சபை மாதிரி, வாக்காளர் யார் வேண்டுமானாலும் பேசலாம், தீர்மானம் கொண்டு வரலாம். நம் ஓடையைப் பற்றி அங்கே ஒரு வரியாவது பதிவாக வேண்டும். ஓடையின் உண்மையான அகலம் என்ன என்பதை வருவாய்த் துறையின் புல வரைபடத்தில் பார்க்க முடியும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம்.

அகலம் என்று பேச ஆரம்பித்தால் ஆக்கிரமிப்பு என்ற வார்த்தை வரும். இந்த இடத்தில் நாம் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். சென்னையில் நீர்நிலை மீட்பு என்றால் கரையில் இருக்கும் குடிசைகளை எடுத்து, அவர்களைப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் விடுவது என்றே ஆகிவிட்டது. வேலையும் பள்ளிக்கூடமும் இங்கே, வீடு அங்கே. அங்கேயும் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிறது. ஓடையின் இடத்தைத் தின்றதில் அந்தத் தகரக் கொட்டகைகளின் பங்கு எவ்வளவு, பட்டா போட்ட அடுக்குமாடிகளின் பங்கு எவ்வளவு, சாலைகளின் பங்கு எவ்வளவு என்று வரைபடத்தை வைத்து நேர்மையாக அளந்து பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். கரையில் இருப்பவர்கள் இந்த வேலையில் நமக்குச் சமமாக உட்காராவிட்டால் நான் இதில் சேர மாட்டேன். வெள்ளம் வரும்போது முதலில் எழுந்து நம்மை எழுப்புகிறவர்கள் அவர்கள்தான்.

சரி, சாக்கடை வாய்களை அடைக்கும் வரை சும்மா இருப்பதா? வேண்டாம். பீஷானில் முழு ஆற்றிலும் கை வைக்கும் முன் ஒரு பக்க வடிகாலில் 60 மீட்டர் நீளத்தை மட்டும் எடுத்து, கரையை எப்படிப் பிடித்து வைப்பது என்று பத்து விதமாகச் செய்து பார்த்தார்கள். நாமும் அதைக் கேட்போம். முழு ஓடையையும் நாளைக்கே மாற்றித் தாருங்கள் என்று யாரையும் கேட்க வேண்டாம். 60 மீட்டர். வீடுகள் ஒட்டி நிற்காத ஒரு துண்டாகப் பார்த்து, அங்கே அடியில் கான்கிரீட் போடாமல் மண்ணை அப்படியே விட்டு, நடுவில் கோடைத் தண்ணீருக்கு ஒரு சின்னக் கால், இரு பக்கமும் சரிவான கரை. கரைக்குத் தென்னைநார் விரிப்பு, அதில் வெட்டிவேர், தண்ணீர் ஓரம் கோரையும் சம்பும், மேலே நொச்சி, புங்கம், நீர்மருது. கல் வேண்டிய இடத்தில் கம்பிவலைக்குள் அடுக்கிய கல். வீட்டுச் சுவர் ஓடையை ஒட்டியே இருக்கும் இடங்களில் தடுப்புச் சுவர் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. எல்லா இடத்திலும் அது வேண்டாம் என்கிறேன்.

இது நம் ஊரில் நடக்காது என்று சொல்லாதீர்கள். அடையாற்று முகத்துவாரத்தில் குப்பையும் இடிபாடும் நிறைந்து கிடந்த 58 ஏக்கர், 2011-ல் தொல்காப்பியப் பூங்காவாக மாறியது. செடியும் தண்ணீரும் பறவையும் இன்று அங்கே இருக்கின்றன. நமக்குத் தெற்கே சிட்லபாக்கத்தில் மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்குள் இறங்கிக் குப்பை அள்ளினார்கள். விடாமல் கேட்டுக் கேட்டு அரசின் நிதியையும் வரவழைத்தார்கள். சேலையூர்ப் பக்கம் செம்பாக்கம் ஏரியும் இதே பள்ளிக்கரணைக்குத் தண்ணீர் அனுப்பும் ஏரிதான். அங்கே தொண்டு நிறுவனங்களும் ஐஐடியும் சேர்ந்து சீரமைப்பு வேலை பார்த்திருக்கின்றன. அவர்களிடம் போய்க் கேட்டால் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று சொல்வார்கள்.

60 மீட்டரைப் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பாக இருக்கட்டும். மாதம் ஒரு முறை தண்ணீர் சோதனையை நான் எடுத்துக்கொள்கிறேன். என் பழைய மாணவர்கள் இரண்டு பேர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். குளிக்கத் தகுந்த தண்ணீர் என்றால் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது ஆக்சிஜன் வேண்டும், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது தண்ணீரில் இருக்கும் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். அங்கே போய்ச் சேர நமக்கு வெகுகாலம் ஆகும். எனக்கு முதலில் ஒரு மே மாதத்தில் பாட்டிலுக்குள் பழுப்பைப் பார்த்தால் போதும்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. ஸ்லாப் மனுவை அனுப்பாமல் இந்தக் கோடை முடியும் வரை நிறுத்தி வையுங்கள். அப்புறம், சங்கத்துக்கு நாலு பேரை அனுப்புங்கள். அதில் ஒருவராவது இருபது வயதுக்குள் இருக்கட்டும், ஒருவராவது கரையில் குடியிருப்பவராக இருக்கட்டும்.

சித்திரை பிறந்து வரும் முதல் ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு ஆதம்பாக்கம் ஏரிக்கரையில் நிற்கிறேன். வெயில் ஏறுவதற்குள் புழுதிவாக்கம் வரை நடந்துவிடலாம். கால் முழுக்க மூடும் ரப்பர் பூட்ஸ் இருந்தால் போட்டுக்கொண்டு வாருங்கள், இல்லாதவர்கள் கரையிலேயே நடந்து எண் எழுதலாம். தண்ணீரில் கை வைக்க வேண்டாம், கையுறை நான் கொண்டு வருகிறேன். எழுத மஞ்சள் பெயின்ட் டப்பாவும் இரண்டு தூரிகையும் வாங்கி வைத்திருக்கிறேன். மழை பெய்தால் மட்டும் அடுத்த ஞாயிறு.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
ஆதம்பாக்கம்